உணவா, மருந்தா: சத்துப் பொடிகளின் விளம்பரமும் உள்ளடக்கமும்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையைச் சுற்றியுள்ள கடைகளில் ஆப்பிள், சாத்துக்குடி, ரொட்டி பாக்கெட்டுகளுக்கு நடுவே ஹார்லிக்ஸ் பாட்டிலும் வரிசையாக நிற்கும். உடம்பு முடியாதவரைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவது நம் பக்கத்து வழக்கம் இல்லை. கையில் கொண்டுபோகும் பொருள் எதுவென்று பார்த்தால், ஊர் எதை நோய் தீர்க்க உதவும் உணவாக நம்புகிறது என்பது தெரிந்துவிடும். பழத்துக்குக் கிடைத்த அந்த இடம் ஒரு தொழிற்சாலைப் பொடிக்கும் கிடைத்திருக்கிறது. மருந்துக் கடைகளிலும் முன்வரிசை அலமாரி இத்தகைய பொடிகளுக்குத்தான். அவற்றை வாங்க மருத்துவரின் சீட்டு தேவையில்லை. மருந்துக்குக் கேட்கப்படும் நிரூபணமும் அவற்றிடம் கேட்கப்படுவதில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இந்த இடைவெளியைப் பற்றியது. சத்துப் பொடி, ஊக்க பானம், புரதப் பொடி, லேகியம் ஆகியவற்றின் விளம்பரங்களில் அப்பட்டமான பொய் வாக்கியத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஏமாற்று வேறோர் இடத்தில் நடக்கிறது. மருந்து தரவேண்டிய வாக்குறுதியைத் தந்துவிட்டு, உணவுக்கான உரிமத்துக்குள் போய் நின்றுகொள்வதுதான் அதன் வழி. நம் சட்டங்கள் ‘இது என்ன பொருள்’ என்று கேட்கின்றன. ‘இது என்ன வாக்குறுதி தருகிறது’ என்று கேட்கும் வரை இந்த வழி திறந்தே இருக்கும்.

ஹார்லிக்ஸின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 1873இல் சிகாகோவில் இரு சகோதரர்கள் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஏற்ற எளிய உணவாக மால்ட் பொடியைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்த அளவில் அது நேர்மையான பொருள். முளைகட்டிய தானியத்தில் மாவுச்சத்து ஓரளவு உடைந்திருப்பதால் செரிப்பது எளிது. ஆனால் சந்தை பெரிதாக வேண்டுமென்றால் நோயாளிகள் மட்டும் போதாதே. 1930களில் பிரிட்டனில் இதன் விளம்பரங்கள் ‘இரவுப் பட்டினி’ என்ற ஒரு நிலையைப் பிரபலமாக்கின. தூங்கும்போது உடல் பட்டினி கிடக்கிறது, காலையில் வரும் சோர்வுக்கு அதுவே காரணம், படுக்கும் முன் ஒரு கோப்பை குடித்தால் சரியாகும் என்பது அதன் சாரம். எந்த மருத்துவ நூலிலும் இல்லாத ஒரு குறைபாட்டை உண்டாக்கி, அதற்கு மருந்தாகத் தன்னையே அது முன்வைத்தது. இந்தியாவுக்கு வந்தபோது சோர்வின் இடத்தில் பிள்ளையின் உயரம் வந்தது. உயரமாக, வலிமையாக, கூர்மையாக வளர்வார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. அதே வாக்குறுதியோடு தெற்காசியாவுக்காக எடுக்கப்பட்ட ஒரு விளம்பரம் 2008இல் பிரிட்டனில் ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையில் ஓடியபோது, அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் அதைத் தடுத்தது. அது வேறொரு நாட்டுச் சந்தைக்காக எடுக்கப்பட்டது என்பது நிறுவனம் தந்த விளக்கம். அந்த விளக்கமே யோசிக்க வேண்டியது. பொடியைக் குடிக்கும் குழந்தையின் எலும்பு நாட்டுக்கு நாடு மாறாது, மாறியது அங்கே கேட்கப்பட்ட கேள்விதான்.

நிறுவனங்களின் பக்கம் ஆய்வே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. ஐதராபாத் அருகே ஒரு உண்டுறைவிடப் பள்ளியில் எண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் பதினான்கு மாதம் நடத்திய சோதனை அறிவியல் இதழில் வெளிவந்திருக்கிறது. நுண்சத்துகள் சேர்த்த பானத்தையும் சேர்க்காத பானத்தையும் இரு குழுக்களுக்குக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு அது. வைட்டமினும் இரும்பும் குறைந்த பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுத்தால் பயன் இருக்கும் என்பதற்கு அது ஆதாரம். ஆனால் பாட்டிலில் இருக்கும் பொடி, முருங்கைக்கீரையையும் முட்டையையும் கேழ்வரகையும் விட மேல் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அந்த ஒப்பீட்டை அது செய்யவே இல்லை. விளம்பரம் செய்வது இந்தத் தாவலைத்தான். நுண்சத்தின் பயனைப் பிராண்டின் பயனாக்கி, குறைபாடு உள்ள குழந்தைக்குக் கிடைத்த முடிவை எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக்கிவிடுகிறது.

இனி பாட்டிலின் பின்பக்கத்துக்கு வருவோம். 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டாவின் சர்க்கரை அளவைச் சுட்டிக்காட்டி வெளியிட்ட காணொளி நாடு முழுக்கப் பரவியது. நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் அவர் காணொளியை நீக்கிவிட்டார். அப்போது நிறுவனம் தந்த விளக்கத்திலேயே கணக்கு இருக்கிறது. ஒரு வேளைக்கான 20 கிராம் பொடியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 7.5 கிராம், அதாவது ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி. ஒன்றரைக் கரண்டி என்று சொன்னால் சிறிதாகத் தெரியும். இருபதில் ஏழரை என்று சொன்னால், வாங்கும் பொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் சர்க்கரை என்பது விளங்கும். அந்த ஆண்டு டிசம்பரில் நூறு கிராமுக்கு 37.4 கிராமாக இருந்த சர்க்கரை 32.2 ஆகக் குறைக்கப்பட்டது. கேட்டதால் குறைந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. புரதத்தின் கணக்கு இன்னும் முக்கியம். இத்தகைய மால்ட் பொடிகளில் நூறு கிராமுக்கு ஏழிலிருந்து பதினொரு கிராம் அளவில்தான் புரதம். இருபது கிராமில் ஒன்றரை, இரண்டு கிராம் தேறும். அதைக் கலக்கும் 200 மில்லி பாலிலோ ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. கோப்பையில் குழந்தைக்குச் சேரும் சத்தில் பெரும்பங்கு பால்காரர் ஊற்றிய பாலுடையது. பெயரை மட்டும் பொடி எடுத்துக்கொள்கிறது. மதுரைக் கீழமாசி வீதிப் பலசரக்குக் கடையில் கிடைக்கும் பொட்டுக்கடலையில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. இவற்றுக்கு விளம்பரம் கிடையாது, ஏனென்றால் இவற்றுக்கு உரிமையாளர் கிடையாது.

சட்டம் இதை எப்படி விட்டது என்பதுதான் அடுத்த கேள்வி. 1954இல் நாடாளுமன்றம் மருந்துகள், மாய நிவாரணங்கள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரச் சட்டத்தை இயற்றியது. அதன் அட்டவணையில் இருக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட நோய்களுக்கும் நிலைகளுக்கும் தீர்வு என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது. புற்றுநோய், நீரிழிவு, பக்கவாதம், உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. மனிதரின் உயரமும் உண்டு. அதாவது ‘இந்த மாத்திரை உன் பிள்ளையை உயரமாக்கும்’ என்று விளம்பரம் செய்தால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை. அப்படியானால் பானம் மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது? விடை அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. உடலின் அமைப்பையோ உறுப்புகளின் இயக்கத்தையோ மாற்றும் நோக்கமுடைய பொருளையும் ‘மருந்து’ என்ற சொல்லுக்குள் கொண்டுவரும் அந்தப் பிரிவு, ‘உணவு நீங்கலாக’ என்று இரண்டு சொற்களைச் சேர்த்திருக்கிறது. அன்றைக்கு அந்த விலக்குக்கு நியாயம் இருந்தது. கீரை கண்ணுக்கு நல்லது என்று சொல்லும் வியாபாரியைச் சிறைக்கு அனுப்புவது சட்டத்தின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. ஆனால் எழுபது ஆண்டுகளில் அந்த இரண்டு சொற்கள் வழியாக ஒரு தொழிலே உள்ளே வந்துவிட்டது. மாத்திரை சொன்னால் குற்றமாகும் வாக்கியத்தைப் பொடி சொன்னால் அது உணவுச் சட்டத்தின் பொறுப்பு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு விதிக்கும் உச்சத் தண்டனை 10 லட்சம் ரூபாய் அபராதம். நாடெங்கும் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு இது விளம்பரச் செலவில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது.

இந்த வகைப்பாட்டு விளையாட்டு எவ்வளவு ஆழமானது என்பது 2024இல் வெளிப்பட்டது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை என்று உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு நினைவூட்டியது. சில நாட்களில் மத்திய வர்த்தக அமைச்சகமும் போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கச் சொன்னது. அதே மாதத்தில் இந்துஸ்தான் யூனிலீவர் ஹார்லிக்ஸை ‘செயல்பாட்டு ஊட்டச்சத்து பானங்கள்’ என்ற புதிய தலைப்புக்கு மாற்றியது. மளிகைப் பட்டியலில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் எழுதிவந்த வகைக்குச் சட்டத்தில் விலாசமே இருந்ததில்லை என்பது இப்படித்தான் வெளியே வந்தது. தலைப்பு மாறியது, பாட்டிலுக்குள் இருந்தது மாறவில்லை. ஆகவே பெயரை எடுப்பதோடு திருத்தம் முடிந்துவிட்டது என்று நினைப்பதற்கில்லை.

பெயர் உயிரோடு விளையாடிய கதை ஓ.ஆர்.எஸ். பானங்களுடையது. வயிற்றுப்போக்கில் நீரிழக்கும் குழந்தையைக் காப்பாற்ற உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். மிகத் துல்லியமான கலவை. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், மொத்தம் 20.5 கிராம். குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன, அவற்றைத் தொடர்ந்து தண்ணீர் நுழைகிறது. இந்த விகிதம் கெட்டு, சர்க்கரை பல மடங்கு கூடினால் நடப்பது நேர்மாறு. குடலுக்குள் தங்கும் சர்க்கரை, உடலிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது, போக்கு அதிகமாகிறது. ஆனால் பல ஆண்டுகளாக மருந்துக் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளைப் பெயரில் தாங்கிய இனிப்புப் பானங்கள் அட்டைப் பெட்டிகளில் விற்றன. அவை உணவு உரிமத்தில் தயாரானவை. ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து எட்டு ஆண்டுகள் போராடினார். 2022 ஏப்ரலில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது. அதே ஆண்டு ஜூலையில், ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று ஒரு வரி அச்சிட்டால் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது. 2025 அக்டோபரில்தான் அந்தத் தளர்வை விலக்கிக்கொண்டது, தயாரிப்பு நிறுவனம் ஒன்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயும் அந்த மாத இறுதியில் நிவாரணம் கிடைக்கவில்லை. மூன்று ஆண்டுகள் நீடித்த அந்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். பெயர் முன்னால் பெரிய எழுத்தில், மறுப்பு ஓரத்தில் சிறிய எழுத்தில். துவண்டு கிடக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் மருந்துக் கடைக்கு ஓடும் தாய் அந்த ஓரத்தை வாசிக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்குமுறை அமைப்பு எதிர்பார்த்திருக்கிறது. எச்சரிக்கை வரி, பெயர் செய்யும் கேட்டை ஈடுசெய்யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெட்டிக்கடைகளில் குளிர்பதனப் பெட்டியின் முன்வரிசையைப் பிடித்திருக்கும் ஊக்க பானங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டாரின், குளுக்குரோனோலாக்டோன், பி வைட்டமின்கள், ஜின்செங் என்று பட்டியல் நீண்டாலும், குடித்தவர் உணரும் விழிப்பு பெரும்பாலும் காஃபீனும் சர்க்கரையும் தருவது. நம் நாட்டு விதிப்படி லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம். உச்ச அளவில் 250 மில்லி பாட்டிலுக்கு 75 மில்லிகிராம். ஒரு டம்ளர் கெட்டியான ஃபில்டர் காபியில் கிடைப்பதும் ஏறத்தாழ அதுதான். 2014இல் அமெரிக்காவில் ரெட்புல் நிறுவனம், தன் விளம்பரங்கள் குறித்த வழக்கை 1.3 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டதற்குப் பின்னால் இருந்த புகாரும் காபியைவிட அதிகமாக எதுவும் இதில் இல்லை என்பதுதான், நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உகந்ததன்று, நாளுக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் தந்த கணக்குப்படி குழந்தைக்கு எடையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் காஃபீன்தான் வரம்பு. 30 கிலோ எடையுள்ள பள்ளிச் சிறுவனுக்கு 90. ஒரு பாட்டிலும் காலையில் ஒரு தேநீரும் போதும், வரம்பு தாண்டிவிடும். காபி கொடுக்கத் தயங்கும் வீட்டில்கூட இந்தப் பாட்டில் குளிர்பானம் என்ற கணக்கில் உள்ளே வருகிறது. இங்கும் வகைதான் வேலை செய்கிறது.

புரதப் பொடியில் ஏமாற்று வாக்குறுதியோடு நிற்காமல் பொருளுக்குள்ளேயே இறங்குகிறது. போலீஸ் தேர்வுக்கும் ராணுவ ஆள்சேர்ப்புக்கும் விடியற்காலையில் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலும் ஊர்ப்புற வெட்டவெளிகளிலும் ஓடிப் பழகும் இளைஞர்களிடம், உடற்பயிற்சிக் கூடங்கள் வழியாக இது போய்ச் சேருகிறது. 2024 ஏப்ரலில் ‘மெடிசின்’ இதழில் வந்த கேரள மருத்துவர்களின் ஆய்வு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்தது. அவற்றில் 25இல், அதாவது பத்துக்கு ஏழில், லேபிளில் சொன்ன புரதம் இல்லை. சிலவற்றில் பாதிகூட இல்லை. ஐந்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருந்தது. புரதம் குறைந்தும் சோதனையில் அது தெரியாமல் போவதற்கு ஒரு வழி இருக்கிறது. வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. அதிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிக்கொள்கிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், தாளில் புரதமும் ஏறும், தசைக்குப் போய்ச் சேர்வது ஏறாது. ஆரோக்கியமான இந்தியருக்கு நாளொன்றுக்கு எடையின் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. 60 கிலோ இளைஞருக்கு ஐம்பது கிராம். பயிற்சி கடுமையானால் இன்னும் கொஞ்சம் கூடலாம். முட்டை, பருப்பு, நிலக்கடலை, பால், மீன் என்று மதுரைச் சமையலறையில் இருப்பதை அளவாகச் சாப்பிட்டால் எட்டக்கூடியதுதான். 2024 மே மாதம் வெளியான தன் வழிகாட்டுதலில் அந்நிறுவனம், தசை வளர்க்கப் புரதப் பொடி வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய கிளை ஒன்று இருக்கிறது. அது லேகியமும் சூரணமும் விற்கும் விளம்பரம். இந்தத் தேதியில் இந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் முகாம் என்று நாளிதழ்களிலும் சுவரொட்டிகளிலும் வருவதையும், நள்ளிரவுத் தொலைக்காட்சியில் கேள்வி பதில் வடிவில் ஓடும் விளம்பர நிகழ்ச்சிகளையும் அறியாதவர் இல்லை. நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை, சர்க்கரை என்று அவை தொடும் பொருளெல்லாம் வெட்கமும் பயமும் கலந்தவை. ஏமாந்தவர் புகார் கொடுக்க முன்வர மாட்டார் என்பதே இந்த வியாபாரத்தின் மூலதனம். 2020 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, பாலுணர்வு மருந்துகள் உள்ளிட்டவற்றின் ஆபாச விளம்பரங்களை ஒளிபரப்பக் கூடாது என்று தொலைக்காட்சிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த உத்தரவு அவசியமானதுதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி நாகரிகம் பற்றியது. நாகரிகமாக உடுத்திய ஒருவர் கண்ணியமான குரலில் பொய் சொன்னால் அந்தத் தடை அவரைத் தொடாது. உண்மையா என்ற கேள்விக்கும் விதி இல்லாமல் இல்லை. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலேயே, நிரூபிக்க முடியாத அற்புதக் குணம் இருப்பதாக எந்தப் பொருளையும் விளம்பரம் காட்டக் கூடாது என்று இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர்தான் அரிது.

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளின் விளம்பரத்துக்கு மாநில உரிம அதிகாரியின் முன் அனுமதி வேண்டும் என்று 2018 டிசம்பரில் விதி 170 கொண்டுவரப்பட்டது. 2023 ஆகஸ்டில் அந்த விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியை நீக்கியது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. பதஞ்சலி விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்திருந்த அந்த வழக்கு 2025 ஆகஸ்டில் முடித்துவைக்கப்பட்டபோது தடையும் விலகியது. பதஞ்சலியின் பாபா ராம்தேவும் ஆச்சார்ய பாலகிருஷ்ணாவும் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட்டதை நாடு பார்த்தது. விளம்பரத்தை முன்கூட்டியே சரிபார்க்கும் விதி மட்டும் நிற்கவில்லை. அதற்கு முன்பே பதஞ்சலியின் கொரோனில் வந்துபோயிருந்தது. இருமல், காய்ச்சல், எதிர்ப்பு சக்தி ஆகியவற்றுக்கென்று உத்தராகண்டில் உரிமம் வாங்கிய பொருள், 2020 ஜூனில் கொரோனாவுக்கு மருந்தாக மேடையேறியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அது சந்தித்தது ஒரு வணிகச்சின்ன வழக்கு. தனி நீதிபதி 10 லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்து, மக்களின் பயத்தை வைத்து லாபம் தேடுவதாகக் கண்டித்தார். அந்த உத்தரவை இரு நீதிபதிகள் அமர்வு பின்னர் நிறுத்திவைத்தது. பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையின் ஓரத்தில்தான், பொருள் சொன்னதைச் செய்யுமா என்ற கேள்வி பேசப்பட்டது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். மரபு மருத்துவத்தை மேலைநாட்டுச் சோதனை முறையால் அளக்கலாமா, ஆயிரமாண்டு அனுபவத்துக்கு மதிப்பில்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை மதித்தே பதில் சொல்ல வேண்டும். சித்த மருத்துவத்தின் சொந்த அளவுகோலை எடுத்துக்கொள்வோம். நாடி பார்த்து, வாதம் பித்தம் கபம் எது மிஞ்சியிருக்கிறது என்று அறிந்து, வயதும் பருவகாலமும் பார்த்து, பாலிலா தேனிலா நெய்யிலா என்று துணைமருந்து சொல்லி, பத்தியம் விதித்து, இத்தனை நாள் என்று வரையறுத்துத் தருவதுதான் அங்கே மருந்து. சரக்கைச் சுத்தி செய்யாமல் சேர்த்தால் அது நஞ்சு என்று அந்த நூல்களே எச்சரிக்கின்றன. முகம் தெரியாத ஆளுக்கு, எந்த வயதுக்கும், எந்த உடம்புக்கும் ஒரே டப்பாவைக் கூரியரில் அனுப்பும் விளம்பரம், அலோபதியின் அளவுகோலுக்குப் போகும் முன்பே சித்தத்தின் அளவுகோலில் தோற்றுவிடுகிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படித்து வந்தவரின் பெயரையும் சேர்த்துத்தான் இந்த வியாபாரம் கெடுக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. மூலிகை மட்டும் என்று விற்கும் பாலுணர்வுப் பொருள்களில் சில்டெனாஃபில் என்ற அலோபதி மருந்து ரகசியமாகக் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆண்டாண்டாகப் பட்டியலிட்டு வருகிறது. இதயத்துக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடும் ஒருவர் தெரியாமல் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். உடனே பலன் தெரிந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அந்தப் பலன் எந்தச் சரக்கிலிருந்து வந்தது என்று கேட்கவேண்டிய காரணம் இதுதான்.

சத்துக் குறைபாடு உண்மையில்லையா, ஏதோ ஒன்று சேருவது நல்லதுதானே என்பது அடுத்த மறுப்பு. குறைபாடு உண்மைதான். ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டுக்கு மேல் ரத்தசோகை. ஆனால் இந்தக் குறைபாட்டுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளியிலும் இலவசமாகக் கிடைக்கும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைக்கு எந்த நடிகையும் விளம்பரம் செய்வதில்லை. பாலில் உள்ள கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதும் தெரிந்த உண்மை. இரும்பு சேர்த்த பொடியைப் பாலில் கலக்கச் சொல்லும் விளம்பரம் அதைச் சொல்வதில்லை. குறைந்த வருமானக் குடும்பத்தில் ஒரு பாட்டிலுக்குப் போகும் பணம் முட்டையிலிருந்தும் காய்கறியிலிருந்தும் எடுக்கப்படும் பணம். அந்த இழப்பை எந்த லேபிளும் கணக்கில் காட்டாது.

கடைசி மறுப்பு, எல்லாம் லேபிளில் இருக்கிறது, படித்துப் பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்பது. மேலோட்டமாக நியாயமாகத் தெரிவதால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் தமிழில் வருகிறது. சுவரிலும் பேருந்தின் முதுகிலும் தமிழில் இருக்கிறது. நடிகர் தமிழில் பேசுகிறார், தாய்மார் தமிழில் நெகிழ்கிறார்கள். ஆனால் நாட்டின் லேபிள் விதிப்படி கட்டாயத் தகவல்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழி இருக்கலாம், இருந்தாக வேண்டியதில்லை. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒரு தாய், வாக்குறுதியைத் தன் மொழியில் கேட்கிறார், எச்சரிக்கையை வேறு மொழியில் பெறுகிறார். ‘உடல்நலத் துணை உணவு’, ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்ற இரு அறிவிப்புகளும் துணை உணவுகள் அனைத்தின் மீதும் இருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் விதி. ஆங்கிலத்தில் அவை இருக்கின்றன. மருந்துக் கடையில், மருந்துப் பெட்டியைப் போன்ற பெட்டியில், மருந்தோடு சேர்த்துக் கட்டித் தரப்படும் பொருளின் மேல், வாங்குபவர் வாசிக்க முடியாத எழுத்தில் அது மருந்தில்லை என்று எழுதியிருக்கிறது. இதைப் பொறுப்பு என்று வாங்குபவர் தலையில் சுமத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்யவேண்டியது பெரிய புதுச் சட்டம் எதுவும் இல்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘உணவு நீங்கலாக’ என்ற விலக்கு, உயரம், அறிவுக்கூர்மை, எதிர்ப்பு சக்தி, ஆண்மை, சர்க்கரை ஆகியவற்றில் பலன் தருவதாக விளம்பரம் செய்யும் பொட்டலப் பொருளுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்தால், வாக்குறுதியை வைத்து வகை தீர்மானிக்கப்படும். குழந்தையின் அறிவையும் உடல்திறனையும் கூட்டும் என்று ஆதாரமின்றிச் சொல்லக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல் ஏற்கெனவே சொல்கிறது. அந்த ஆதாரத்தை நிறுவனம் கோப்பில் வைத்திருந்தால் போதாது, பொதுவில் வெளியிட வேண்டும் என்று ஆக்கினால் பாதி விளம்பரங்கள் தாமாக அடங்கும். மதுரையில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டிச் சோதிக்கும் உரிமை வாங்கியவருக்கே உண்டு. அங்கே புரதத்தையும் காஃபீனையும் சர்க்கரையையும் ஒளித்த மருந்துக் கலப்பையும் சோதித்து, முடிவுகளைப் பிராண்ட் பெயரோடு மாதந்தோறும் தமிழில் வெளியிடலாம். பெட்டியின் முகப்பிலேயே எச்சரிக்கை வைப்பது பற்றி முடிவெடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உத்தரவிட்டது. அந்த முகப்பு எழுத்து தமிழ்நாட்டில் விற்கும் பெட்டியில் தமிழில், பிராண்ட் பெயரின் பாதி உயரத்துக்காவது இருக்க வேண்டும். நூறு கிராமில் இத்தனை கிராம் சர்க்கரை, இது மருந்தில்லை, பன்னிரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று எழுத மூன்று வரி இடம் போதும். ஓடும் பிள்ளையின் படமும் வெற்றிக் கோப்பையும் அச்சிட அந்தப் பெட்டியில் இப்போது இருக்கும் இடத்தில் கால்பங்குகூட அதற்குத் தேவைப்படாது.